இரண்டு ஊரில் ஓட்டு இருக்கிறது, எதை விடுவது?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை மறைத்து, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 43 வயது. புகுந்த வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். விவசாயம் கைகொடுக்காமல் 11 வருடங்களுக்கு முன்பு கணவரோடு திருப்பூர் வந்தவர். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காக முதல் நாள் ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போயிருக்கிறார். கொரோனா காலம், வாசலில் கையுறை கொடுத்து உள்ளே விட்டிருக்கிறார்கள். இவர் முறை வந்ததும் மேஜையில் இருந்தவர் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு காலையிலயே போட்டாச்சேம்மா" என்றாராம். இவர் விரலில் மை இல்லை, கையில் கார்டு இருக்கிறது, கார்டில் உள்ள முகமும் இவர் முகம்தான். "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, நகருங்க" என்று யாரோ சொல்ல, நகர்ந்துவிட்டார். "கையுறையைக்கூடக் கழற்றாம வெளிய வந்து உட்கார்ந்து அழுதேன்" என்று எழுதியிருக்கிறார்.

அந்த வெறுப்பில் 2023-ல் ஒரு பிரவுசிங் சென்டரில் 50 ரூபாய் கொடுத்துத் திருப்பூர் முகவரிக்குப் புதிதாக விண்ணப்பித்து, இரண்டாவது கார்டும் வாங்கிவிட்டார். ஊரில் இருந்த பெயரை நீக்கவில்லை. 2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) கணக்கெடுப்பு வந்தபோது திருப்பூர் வீட்டுக்கு வந்த படிவத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். ஊருக்கு வந்த படிவத்தில் மருமகளுக்காக மாமியார் கைநாட்டு வைத்தார். ஆக, இப்போதும் இரண்டு இடத்திலும் பெயர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "இது ஜெயில் கேஸ்" என்கிறார். கணவரின் அண்ணனோ அடுத்த ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறவர். "ஊர் ஓட்டை எடுத்தா ரேஷன் கார்டு போயிடும், நாளைக்குப் பட்டாவுலயும் சிக்கல் வரும், ரெண்டும் இருக்கட்டும்" என்கிறார். இதோடு இன்னும் இரண்டு கவலைகள். கோயில் திருவிழாத் தகராறில் கைதாகி நான்கு மாதமாக ரிமாண்டில் இருக்கும் தம்பிக்கு ஓட்டு உண்டா? கோவையில் நர்சிங் படிக்கும் மகளுக்கு வரும் மே மாதம் 18 முடிகிறது, அவள் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா?

சகோதரி, உங்கள் கடிதத்தில் முதல் கேள்வி ஜெயிலைப் பற்றியது. எனக்கென்னவோ புளித்துப்போன அந்த 2021 சமாசாரத்திலிருந்து தொடங்கத் தோன்றுகிறது. அன்றைக்கு நடந்ததற்கு வழி இருந்தது, அதை அங்கே யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நடந்த தப்பு முழுக்க அதில்தான் ஆரம்பித்திருக்கிறது.

அன்றைக்கு நீங்கள் நகர்ந்திருக்க வேண்டியதில்லை

உங்கள் பெயரில் வேறு யாரோ ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாலும் உங்கள் உரிமை அதோடு தீர்ந்துபோவதில்லை. தேர்தல் நடத்தை விதிகளில் 49பி என்று ஒரு விதி இருக்கிறது. ஏ, பி, சி-யில் வருகிற பி அல்ல. ஓ-வுக்கு அடுத்து வருகிற பி. நோட்டா வருவதற்கு முன்பு "49ஓ போடுவேன்" என்று ஊரெல்லாம் பேசினார்களே, அதற்கு அடுத்த விதிதான் இது. (ஒரு சினிமா வந்த பிறகு இதைச் 'செக்‌ஷன்' என்று சொல்கிறார்கள். சட்டப்பிரிவு அல்ல, விதி. பூத்தில் நின்று கேட்கும்போது இந்த வித்தியாசத்துக்காக யாரும் சண்டை போடப் போவதில்லை.)

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் என்று ஒருவர் உள்ளே இருப்பார். மை வைப்பவரோ பட்டியல் பார்ப்பவரோ அல்ல, மொத்த பூத்துக்கும் பொறுப்பானவர். அவரிடம் நேராகப் போய், "என் ஓட்டை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள், எனக்கு டெண்டர் ஓட்டு வேண்டும்" என்று கேட்க வேண்டும். நீங்கள்தான் அந்த ஆள் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள அப்பா பெயர், வீட்டு எண் என்று ஏதாவது கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் ஓட்டு கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் மெஷினில் அல்ல. ஒரு காகித வாக்குச்சீட்டு தருவார்கள், அதற்கென்று உள்ள பட்டியலில் கையெழுத்து வாங்குவார்கள், நீங்கள் முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தால் தனி உறையில் போட்டு வைப்பார்கள்.

இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டை ஓட்டு எண்ணிக்கை அன்று எண்ண மாட்டார்கள். யாராவது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் சொன்னால்தான் உறை பிரிக்கப்படும். முடிவு வந்த 45 நாளுக்குள் அந்த வழக்கைப் போட வேண்டும். அப்படியென்றால் என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் 2008-ல் காங்கிரஸின் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்: 62,216-க்கு 62,215. அவர் போட்ட வழக்கில் பேசப்பட்டதே இந்த டெண்டர் ஓட்டுகளும், ஒரே பெண் இரண்டு இடத்தில் ஓட்டுப் போட்டார் என்ற குற்றச்சாட்டும்தான். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது அந்த வழக்கு. உங்கள் கதையில் இந்த இரண்டுமே இருக்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? அன்று நீங்கள் டெண்டர் ஓட்டு கேட்க வேண்டியவர். இன்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பவர்.

இதையொட்டி இன்னொன்று. தேர்தல் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம், ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறு வாக்குப்பதிவு என்று. இரண்டும் பொய். பட்டியலில் பெயர் இல்லாதவர் ஆதார், பாஸ்போர்ட், வோட்டர் ஐ.டி. என எதைக் காட்டினாலும் ஓட்டுப் போட முடியாது. 'சேலஞ்ச்' என்பது பூத்தில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளரின் ஏஜென்ட் ஒருவர், "இந்த ஆள் அந்த ஆள் இல்லை" என்று 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. வாக்காளர் கேட்டு வாங்குகிற சமாசாரமே அல்ல. 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் கிடையாது.

கார்டு பற்றியும் இதிலேயே சொல்லிவிடலாம். இரண்டு கார்டு இருப்பதால் உங்களுக்கு இரண்டு ஓட்டு வந்துவிடவில்லை. பட்டியலில் இருக்கிற பெயர்தான் ஓட்டு. கார்டு என்பது "அந்தப் பெயர் என்னுடையது" என்று காட்டுகிற அடையாளம் மட்டும். கார்டைத் தொலைத்தவர் ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை இதில் ஒன்றைக் காட்டிப் போடலாம். பட்டியலில் பெயர் தொலைந்தவருக்கு வழியில்லை. பூத் சிலிப் மட்டும் போதாது, அதை அடையாளமாக ஏற்பதை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள்.

எந்த ஊர் உங்கள் ஊர்?

உங்கள் மூத்தார் "அது நம்ம ஊர், நம்ம வீடு, நம்ம நிலம்" என்கிறார். மனசுக்கு அது சரி. சட்டத்துக்கு அது வேறு கணக்கு.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 19-ஆம் பிரிவில் இரண்டே இரண்டு கேட்கிறது: 18 வயது, அந்தத் தொகுதியில் 'சாதாரணமாக வசிப்பவர்' என்பது. அடுத்த பிரிவிலேயே, ஓர் ஊரில் வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று பச்சையாக எழுதியிருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கிற சொந்த வீடு கணக்கில் வராது, மாதம் 4,500 ரூபாய் வாடகைக்கு நீங்கள் தூங்கி எழுகிற லைன் வீடு வரும். நடைபாதையில் தூங்குகிறவருக்குக்கூட இதே கணக்குதான். முகவரிச் சான்று இல்லாதவர் விண்ணப்பித்தால் பூத் நிலை அலுவலர் ராத்திரியில் போய் அந்த ஆள் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்துப் பெயர் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். ஆளுடைய சொத்து என்ன என்று பார்க்காமல் தலை சாய்க்கிற இடம் எது என்று பார்க்கிற விதி நம் நாட்டில் அதிகம் கிடையாது.

'தற்காலிகமாக வெளியே போனால் ஊர் ஓட்டு போகாது' என்று உங்கள் கணவர் சொன்னாராம். அதுவும் சட்டத்தில் இருப்பதுதான், அவர் சொன்னதில் தப்பில்லை. கல்யாணம் ஆகாத பையன் ஒருவன் ரூமில் தங்கி வேலை பார்த்துவிட்டு மாதம் ஒருமுறை ஊருக்கு ஓடுகிறான், ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கே என்று இருக்கிறான் என்றால் ஊர் ஓட்டையே வைத்துக்கொள்கிறேன் என்று அவன் தாராளமாக வாதாடலாம். நீங்கள் திருப்பூரில் 11 வருடம் இருந்துவிட்டீர்கள். பிள்ளையை அங்கே பள்ளிக்கூடம் சேர்த்து, பன்னிரண்டாவது வரைக்கும் அங்கேயே படிக்க வைத்துவிட்டீர்கள். கேஸ் இணைப்பு அங்கே, பி.எஃப். அங்கே. இதைத் 'தற்காலிகம்' என்று நான் எந்த அதிகாரி முன்னாலும் நின்று சொல்ல மாட்டேன்.

திருப்பூரில் இருந்துகொண்டே ஊர் வேட்பாளருக்கு ஓட்டுப் போட மெஷின் வருகிறதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் அப்படி ஒரு மாதிரி இயந்திரத்தை அறிவித்தது உண்மை. கட்சிகள் ஏகப்பட்ட கேள்வி கேட்டன. நடைமுறைக்கு வரவில்லை. அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் அந்த ரேஷன் கார்டு மிரட்டல். வாக்காளர் பட்டியலுக்கும் குடும்ப அட்டைக்கும் சம்பந்தம் இல்லை. அது வேறு துறை, வேறு சட்டம். பட்டா வருவாய்த் துறை விவகாரம். உங்கள் கணவருக்கு நிலத்தில் பங்கு இருக்கிறது என்றால் அது வாரிசுரிமையால் வந்தது, ஓட்டால் வந்ததல்ல. சாதிச் சான்றிதழுக்கும் ஒன்றும் ஆகாது. ஊர்க் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்னிடம் சட்டப் பதில் இல்லை. அது ஊர்க் கட்டுப்பாடு, பேசித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் வரி கட்டுகிற தலைக்கட்டை ஓட்டு இல்லை என்பதற்காக எந்த ஊரும் விட்டுக்கொடுத்ததாக நான் பார்த்ததில்லை.

மூத்தாரின் நிஜக் கவலை வேறு. ஊராட்சித் தேர்தலுக்கு என்று தனியாக ஒரு பட்டியல் கிடையாது. சட்டமன்றப் பட்டியலில் அந்த ஊர்ப் பகுதியை எடுத்துத்தான் வார்டு வார்டாகப் பிரிக்கிறார்கள். அதனால் "எம்.எல்.ஏ. ஓட்டு திருப்பூரில், தலைவர் ஓட்டு ஊரில்" என்று பிரித்து வைத்துக்கொள்ள வழியில்லை. உங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் நாலு நிறச் சீட்டில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டின் இரண்டு ஓட்டு அவருக்குப் பெரிதுதான், இருபது ஓட்டில் ஜெயிப்பதும் தோற்பதும் நடக்கிற இடம். அதற்காக அவர் உங்களை வைத்துப் பந்தயம் கட்டுவதில் நியாயமில்லை. திருப்பூரிலிருந்து ஊர்க்காரர்களை ஏற்றிவர வேன் ஏற்பாடு செய்வார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வேட்பாளர் தரப்பு வாக்காளரை இலவசமாக ஏற்றி இறக்க வண்டி பிடிப்பது முறைகேடு என்று சட்டமே சொல்கிறது, ஜெயித்தவர் பதவியே போகலாம். அவர் தலைவருக்கு நிற்கிறவர் என்றால் இந்தப் பழக்கத்தை இப்போதே விடுவது அவருக்கு நல்லது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

"ஜெயில் கேஸா?"

பயப்படாமல் கேளுங்கள், ஆனால் லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்பது 1950 சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அப்படி இருந்துவிட்டால் அதற்கென்று தனியாகத் தண்டனை எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. தண்டனை 31-ஆம் பிரிவில் இருக்கிறது: பட்டியல் தொடர்பாகப் பொய் என்று தெரிந்தே எழுத்து மூலம் உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'தெரிந்தே' என்பதுதான் அதில் முக்கியமான சொல்.

2023-ல் அந்த பிரவுசிங் சென்டர் பையன் உங்களுக்கு நிரப்பியது படிவம் 6. அது முதல்முறையாகப் பெயர் சேர்ப்பவருக்கானது. வேறு எங்கும் என் பெயர் இல்லை என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. நீங்கள் வாசிக்கவில்லை, அவனும் வாசித்துச் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியிருந்தது படிவம் 8, இடம் மாறியவர்களுக்கானது. அதைப் போட்டிருந்தால் பழைய ஊரில் பெயர் தானாக நீங்கி, அதே கார்டு எண்ணோடு புது முகவரிக்கு வந்திருக்கும். 50 ரூபாய்க்கு இவ்வளவு வம்பு.

மாமியார் வைத்த கைநாட்டும் அப்படித்தான். ஆள் இல்லாதபோது வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் கையெழுத்திடலாம் என்று அந்தக் கணக்கெடுப்பில் அனுமதி இருந்தது. மருமகள் திருப்பூரிலும் கொடுத்திருக்கிறாள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் பெயர் இருந்ததால்தான் இரண்டு படிவம் அச்சாகி வந்தது. ஏமாற்றும் எண்ணம் எங்கே இருக்கிறது? போதாததற்கு, இது போலீஸ் தானாக வீட்டுக்கு வந்து கைது செய்கிற வகைக் குற்றமும் அல்ல. எஸ்.ஐ.ஆர். வரைவுப் பட்டியல் 2025 டிசம்பர் 19-ல் வந்தபோது தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை; அதில் 3 லட்சத்துக்கும் மேல் இரட்டைப் பதிவு என்று கணக்குச் சொன்னார்கள். உங்களைப் போல மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். உங்கள் பெயர் மட்டும் எப்படியோ வலைக்குத் தப்பிவிட்டது.

இதுவரை உங்கள் நிலைமை அறியாமல் நடந்தது. இந்தக் கடிதம் எழுதிய பிறகும் இரண்டையும் வைத்துக்கொண்டால் அது தெரிந்து செய்வது. ஒரே தேர்தலில் இரண்டு இடத்திலும் ஓட்டுப் போட்டால் கதையே மாறிவிடும். இரண்டு ஓட்டும் செல்லாது. ஒருமுறை ஓட்டுப் போட்டுவிட்டு அதே தேர்தலில் மறுபடி தன் பெயரிலேயே ஓட்டுக் கேட்பதும் ஆள்மாறாட்டக் குற்றம்தான், பாரதிய நியாய சன்ஹிதாவின் 172, 174 பிரிவுகள். அதில் தண்டிக்கப்பட்டால் ஆறு வருடத்துக்கு எங்குமே ஓட்டுப் போட முடியாது. இரண்டு ஓட்டுக்கு ஆசைப்பட்டு இருந்த ஒன்றும் போகும்.

தம்பி

தம்பி விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவுப்படி சிறையில் இருப்பவர் யாரும் ஓட்டுப் போட முடியாது. தண்டனைக் கைதியா விசாரணைக் கைதியா என்று அது பார்ப்பதில்லை. "குற்றவாளின்னு தீர்ப்பே வரலியே" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-ல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் பிரிவு செல்லும் என்று தீர்ப்பு வாங்கி வந்தாயிற்று. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு கிடையாது, ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

இதில் உள்ள கோணலைப் பாருங்கள். தடுப்புக் காவலில் மட்டும் இருப்பவருக்கு, அதாவது குண்டாஸ் போட்டு வைத்திருக்கிறார்களே அவருக்கு, தபால் ஓட்டு உண்டு. திருவிழாவில் கைகலப்பு என்று ரிமாண்டில் இருக்கும் உங்கள் தம்பிக்குக் கிடையாது. சிறையில் இருந்தபடி தேர்தலில் நிற்கலாம், 2013-ல் அதற்காகவே சட்டத்தைத் திருத்தினார்கள். 2024-ல் திகார் சிறையில் இருந்த பொறியாளர் ரஷீத் காஷ்மீரின் பாரமுல்லா தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனார். நின்று ஜெயிக்கலாம், ஓட்டு மட்டும் போட முடியாது.

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. உள்ளே இருப்பதால் தம்பியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க முடியாது, அதே திருத்தம் அதையும் சொல்கிறது. வாக்குப்பதிவுக்கு முதல் நாள் ஜாமீனில் வந்தால்கூட மறுநாள் காலை போய் ஓட்டுப் போடலாம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று யாரும் தடுக்க முடியாது. நாளைக்கே தண்டனை ஆகி, அனுபவித்துவிட்டு வெளியே வந்தாலும் ஓட்டு அப்படியே இருக்கும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலையாகி ஆறு வருடம் வரை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது தேர்தலில் நிற்பதற்கான தடை. ஜனங்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வீட்டில் யாரும் இல்லை என்று எண்ணி யாராவது படிவம் 7 போட்டு அவர் பெயரை நீக்கச் சொன்னால், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்காமல் நீக்கக் கூடாது. உங்கள் அம்மாவை மட்டும் பட்டியலை அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மகள்

இது சுலபம். ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள் என்பது பழைய கதை. 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நாலு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள்தான். மே மாதம் 18 முடிகிறவள் ஜூலை 1 கணக்கில் வந்துவிடுவாள். 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதால் இப்போதே படிவம் 6 கொடுத்து வைக்கலாம், அவளுக்கு அதுதான் சரியான படிவம். ஜூலை 1-க்கு முன்பே ஒரு தேர்தல் நடந்துவிட்டால் அதில் மட்டும் போட முடியாது. திருப்பூர் வீட்டு முகவரியா, கோவை ஹாஸ்டல் முகவரியா என்பது அவள் விருப்பம். ஹாஸ்டல் என்றால் கல்லூரியில் ஒரு சான்று வாங்க வேண்டியிருக்கும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணும் என்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள், அம்மா செய்ததை மகளும் செய்ய வேண்டாம்.

இனி என்ன செய்வது

திருப்பூரை வைத்துக்கொள்ளுங்கள், ஊரை விடுங்கள். கணவருக்கு ஊரில் மட்டும்தான் பெயர் இருக்கிறது என்றால் அவருக்குப் படிவம் 8, இடமாற்றம் என்று குறித்து. உங்களுக்குப் படிவம் 7, ஊர்த் தொகுதியின் பாகம் எண், வரிசை எண், அந்தப் பழைய கார்டு எண் போட்டு, 'வேறு இடத்தில் பதிவாகியுள்ளது' என்பதைக் காரணமாகக் காட்டுங்கள். தேர்தல் ஆணையத்தின் செயலியில் நீங்களே செய்யலாம், மறுபடி அந்த பிரவுசிங் சென்டருக்குப் போகாதீர்கள். முடியவில்லை என்றால் 1950 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது ஊருக்குப் போகும்போது அங்குள்ள பூத் நிலை அலுவலரிடமே காகிதப் படிவம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூடவே, தெரியாமல் இரட்டைப் பதிவு ஆகிவிட்டது, நானாக முன்வந்து நீக்கக் கேட்கிறேன், இதுவரை எந்தத் தேர்தலிலும் இரண்டு இடத்தில் ஓட்டுப் போட்டதில்லை என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு யாராவது 31-ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வந்தால் அந்த அரைப் பக்கம்தான் உங்கள் பதில்.

தேர்தல் அறிவிப்பு வரும்வரை தள்ளிப் போடாதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியலில் கை வைக்க முடியாது. ஆட்சேபத்துக்கு ஒரு வாரம் விட வேண்டும் என்பதால் நடைமுறையில் அதற்கும் பத்து நாள் முன்பே கதவு மூடிவிடும். உங்கள் விண்ணப்பத்தை அதிகாரி தள்ளுபடி செய்தால் 15 நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு உண்டு, அதிலும் சரிவரவில்லை என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரி வரை போகலாம்.

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பதும் சட்டம், அதே 1951 சட்டத்தின் 135பி பிரிவு. இது ஏ-க்கு அடுத்த பி. தினக்கூலிக்காரர்களுக்கும் உண்டு. பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு இதைக் கேட்டு வாங்குவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், மீறினால் முதலாளிக்கு அபராதமே 500 ரூபாய் வரைதான். ஆனால் அன்றைக்கு உங்களுக்கு ராத்திரி பஸ் வேண்டியதில்லை. உங்கள் தெருப் பள்ளிக்கூடம்தான் பூத் என்றால் காலை ஏழு மணிக்கே போய் நின்றுவிடுங்கள். உங்களுக்கு முன்னால் வேறு யாரும் உங்கள் பெயரில் போட்டிருக்க மாட்டார்கள். அப்படியே போட்டிருந்தாலும் யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று இப்போது தெரியும்.